டிவிடி ரைட்டர் வாங்குமுன்: நீலகிரி வாசகர்களின் கேள்விகள்

குன்னூரில் ஸ்டுடியோ நடத்துகிறேன். கல்யாண வீடியோக்களைப் பதிந்து தர, கேபினட்டுக்குள் சாட்டா (கணினிக்குள் டிரைவ்களை இணைக்கும் கேபிள் வகை) ரைட்டர் பொருத்துவதா, யுஎஸ்பி ரைட்டர் வாங்குவதா? யுஎஸ்பியில் வேகம் குறையும் என்கிறார்களே?

வேகத்தைப் பற்றிய அந்த அச்சம் தேவையில்லை. டிவிடியில் வேகத்தின் அலகான ஒரு எக்ஸ் என்பது நொடிக்குச் சுமார் 1.385 எம்பி. 16 எக்ஸில் அது 22 எம்பியை எட்டும், அதுவும் எழுத்து வட்டின் வெளிவிளிம்பை நெருங்கும்போதுதான். யுஎஸ்பி 2.0 நடைமுறையில் நொடிக்குச் சுமார் 30 எம்பி கடத்துகிறது. சாட்டாவின் முதல் தலைமுறையே 150 எம்பி வரை தாங்கும். எனவே எல்லையை வகுப்பது வட்டும் லேசருமே தவிர, கேபிள் அன்று.

உண்மையான வேறுபாடு மின்சாரத்தில் இருக்கிறது. யுஎஸ்பி 2.0 போர்ட் 5 வோல்ட்டில் 500 மில்லியாம்பியர் தருகிறது, 3.0 என்றால் 900. கேபினட்டுக்குள் பொருத்தும் ரைட்டருக்கோ பவர் சப்ளையிலிருந்து 5 வோல்ட்டும் 12 வோல்ட்டும் நேரடியாகக் கிடைப்பதால், மெல்லிய வெளிப்புற ரைட்டர்கள் பெரும்பாலும் 8 எக்ஸோடு நின்றுவிட, இது 24 எக்ஸ் வரை போகிறது. வட்டைப் படிக்கும்போது ஒழுங்காக இயங்கிய யுஎஸ்பி ரைட்டர், எழுதத் தொடங்கியதும் ‘டக் டக்’ என்று அடித்துக்கொண்டு திரையிலிருந்து மறைந்து மீண்டும் தோன்றினால், ரைட்டர் கெட்டுவிட்டது என்று உடனே முடிவு கட்ட வேண்டாம். பெரும்பாலும் மின்சாரம் போதாமல்தான் அப்படி நேர்கிறது. ஹப்பைத் தவிர்த்து, கணினியின் பின்புற போர்ட்டில் நேரடியாகச் செருகிப் பாருங்கள். நாள்தோறும் பல வட்டுகள் எழுதும் உங்கள் தொழிலுக்கு உள்ளே பொருத்தும் சாட்டா ரைட்டரையே பரிந்துரைக்கிறேன். 24 எக்ஸ் இருந்தாலும் 8 எக்ஸில் எழுதி, முடிந்ததும் சரிபார்ப்பை ஓட்டிய பிறகே வட்டை வாடிக்கையாளரிடம் கொடுங்கள்.

கோத்தகிரியில் எங்கள் பள்ளிக் கணினியில் சாட்டாவுக்கு முந்தைய, பட்டையான ஐடிஇ கேபிள் மட்டுமே இருக்கிறது. என்ன வாங்கலாம்?

யுஎஸ்பி ரைட்டர் போதும். இனி ஐடிஇ ரைட்டர் என்றால் பெரும்பாலும் பயன்படுத்திய பழைய பொருள்தான் கிடைக்கும். தேய்ந்த லேசருக்குப் பள்ளிப் பணத்தைக் கொடுப்பது சரியன்று.

கூடலூரில் மழைக்காலம் வந்தால் என் ரைட்டர் வட்டையே அடையாளம் காண்பதில்லை. மாற்றிவிடலாமா?

அவசரப்பட வேண்டாம். தென்மேற்குப் பருவமழையில் காற்றில் ஈரம் மிகுந்திருக்கும்போது, குளிர்ந்து கிடந்த ரைட்டரைச் சூடான அறைக்குக் கொண்டுவந்தால் லென்ஸில் நீர் படிகிறது. லேசர் அதில் சிதறுவதால் வட்டைப் படிக்க முடியாது. வட்டை வெளியே எடுத்துவிட்டு, ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் ரைட்டரை அறை வெப்பத்தில் வைத்திருங்கள். மெல்லிய வெளிப்புற ரைட்டர் என்றால், தட்டைத் திறந்து லென்ஸின் மேல் சாய்ந்த வெளிச்சத்தில் பார்க்கும்போது சிலந்தி வலை போன்ற மெல்லிய கோடுகள் தெரிந்தால் அது பூஞ்சை. அதைத் துடைத்தாலும் லென்ஸின் பூச்சு பழைய நிலைக்கு வருவது அரிது, அப்போது மாற்றுவதே நல்லது. சும்மா இருக்கும் காலத்தில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு இறுக்கமாக மூடும் டப்பாவில் ரைட்டரை வைக்கலாம்.

வட்டுகளிலும் கவனம் தேவை. சிடியின் பிரதிபலிக்கும் படலம் லேபிளுக்கு நேர் கீழே மெல்லிய அரக்குப் பூச்சுக்குள் இருக்கிறது. லேபிள் பக்கம் கீறினால் தகவல் அங்கேயே போய்விடும். டிவிடியில் அப்படலம் இரண்டு பிளாஸ்டிக் தகடுகளுக்கு இடையே இருப்பதால் ஈர மலைக்கு அதுவே மேல்.

ஊட்டியில் குடும்பப் படங்களை நெடுநாள் சேமிக்க ப்ளூ-ரே அவசியமா?

படங்கள் நிறைய இருந்தால் ஆம். டிவிடியில் 4.7 ஜிபி, ப்ளூ-ரேயில் ஓர் அடுக்கிலேயே 25 ஜிபி. ப்ளூ-ரே ரைட்டர் சிடி, டிவிடியையும் எழுதும். டிவிடி ரைட்டரின் 650 நானோமீட்டர் லேசரால் 405 நானோமீட்டர் வேண்டும் ப்ளூ-ரேயை எழுத முடியாது. கரிமச் சாயம் பூசிய எல்டிஎச் வகை வட்டுகளைத் தவிர்த்து, கனிமப் படலம் உள்ளவற்றை வாங்குங்கள். இன்னொரு பிரதியை ஹார்ட் டிஸ்க்கிலும் வையுங்கள்.

எழுதும்போது கரண்ட் போனால்?

ஒருமுறை மட்டும் எழுதும் வட்டு பெரும்பாலும் வீண்தான். ரைட்டரில் உள்ள பஃபர் (தகவலைத் தற்காலிகமாகத் தேக்கும் நினைவகம்) பாதுகாப்பு, தகவல் தாமதமாக வருவதைத்தான் தாங்கும், மின்தடையைத் தாங்காது. யுபிஎஸ் இல்லாமல் எழுத வேண்டாம். மடிக்கணினியில் பேட்டரி நிறைந்திருந்தால் அதுவே போதும்.