பத்தாண்டுக்கு ஒரு தமிழ்ப் பாட்டு என்றால் உங்கள் தேர்வு எது, ஏன்?

ஒன்றே ஒன்று என்பதுதான் சிக்கல். நாற்பதுகளுக்கு யோசிக்கவே வேண்டாம், 'ஹரிதாஸ்' (1944) படத்தின் 'மன்மத லீலையை'. சாருகேசி ராகம் தெரியாதவர்களும் பாகவதர் குரலில் இதை முணுமுணுத்தார்கள்.

ஐம்பதுகளைத் தாண்டிப் போகிறேன், அங்கே எனக்கே முடிவாகவில்லை. அறுபதுகளுக்கு 'நாளை இந்த வேளை பார்த்து'. சிறந்த பின்னணிப் பாடகிக்கான முதல் தேசிய விருதை பி. சுசீலாவுக்கு வாங்கித் தந்த பாட்டு. எழுபதுகளில் 'மச்சானைப் பாத்தீங்களா'. 1976இல் இளையராஜா அறிமுகமான 'அன்னக்கிளி' பாட்டு, ஜானகி பாடியது.

எண்பதுகளுக்கு 'இளைய நிலா' (1982). ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு கிட்டாரை மட்டும் பின்தொடர்ந்து பாருங்கள். எஸ்.பி.பி. வருவதற்கு முன்பே அது பாட்டின் மனநிலையைச் சொல்லிவிடும். அவர் பாடும்போதும் ஒதுங்கி நிற்காமல் கூடவே பேசிக்கொண்டிருக்கும். குரலை எடுத்துவிட்டாலும் பாட்டு அடையாளம் தெரியும். எத்தனை பாட்டுக்கு இப்படிச் சொல்ல முடியும்?

தொண்ணூறுகளில் 'சின்னச் சின்ன ஆசை'. ரஹ்மானுக்கு முதல் படம், வைரமுத்துவுக்குத் தேசிய விருது. எல்லாரும் சொல்வதுதான், என்ன செய்ய! இரண்டாயிரங்களுக்கு ரீதிகௌளை ராகத்தில் 'கண்கள் இரண்டால்' (2008). அப்புறம் 2013இன் 'ஆனந்த யாழை': அப்பாவும் மகளும் பற்றி நா. முத்துக்குமார் எழுதியது, யுவன் இசை. 2020க்குப் பிறகு வந்தவற்றை இப்போதைக்குச் சேர்க்கவில்லை. பத்து வருஷம் கழித்தும் கேட்கிறேனா என்று பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.