எந்தக் கொள்ளுத்தாத்தா?

கேள்வி: எங்கள் குடும்பத்தில் யாருக்கும் சங்கீத வாசனையே கிடையாது. ஆனால் என் ஆறு வயது மகன் தட்டு, பெஞ்சு, கதவு எது கையில் கிடைத்தாலும் தாளம் பிசகாமல் தட்டுகிறான். "கொள்ளுத்தாத்தா யாராவது தவில் வாசித்திருப்பார், ரத்தத்தில் ஊறி வந்திருக்கிறது" என்கிறார் என் அம்மா. பார்த்தே இராத முன்னோரின் திறமை இப்படி வருமா? அவர் யார் என்று கண்டுபிடிக்க வழி உண்டா?
– ஒரு வாசகர், அரியலூர்

பதில்: முதலில் ரத்தத்தை விட்டுவிடுங்கள், அது பாவம். ஒரு கன மில்லிமீட்டர் ரத்தத்தில் ஏறக்குறைய 50 லட்சம் சிவப்பணுக்கள். முதிர்ந்த சிவப்பணுவுக்கு, பரம்பரைச் செய்தி எழுத்தெழுத்தாகப் பதிந்த டி.என்.ஏ.வை வைத்திருக்கும் உட்கருவே கிடையாது. உட்கரு இல்லாத இடத்தில் தாத்தாவும் இல்லை, பாட்டியும் இல்லை. அதன் ஆயுளும் சுமார் 120 நாள்தான். பொங்கலுக்கு ஓடிய சிவப்பணு ஆடிப்பெருக்குக்கு இருக்காது. ரத்தம் எடுத்துத்தானே டி.என்.ஏ. பார்க்கிறார்கள் என்பீர்கள். அது, அதே அளவு ரத்தத்தில் சில ஆயிரம் மட்டும் இருக்கும் வெள்ளணுக்களை வைத்துப் பார்ப்பது. கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக்குச்சியால் துடைத்துக் கொடுத்தாலும் அதே விவரம் கிடைக்கும். ரத்தப் புற்றுநோய்க்காக இன்னொருவரின் எலும்பு மஜ்ஜையை ஏற்றிக்கொண்டவருக்கு ரத்தத்தில் கொடையாளரின் டி.என்.ஏ.தான் ஓடும், ரத்த வகையே மாறிவிடுவதும் உண்டு. ஆனால் பிறகு அவருக்குப் பிறக்கும் பிள்ளைக்குக் கொடையாளரிடமிருந்து ஓர் எழுத்துகூடப் போகாது. ரத்த சொந்தம் என்று சொல்வது வாய்க்கு நன்றாக இருக்கிறது. வம்சக் கணக்குப் பார்க்க உதவாது.

தாளத்துக்கு வருகிறேன். 2022இல் வெளியான ஓர் ஆய்வில் 6 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களிடம் "பாட்டின் தாளத்துக்குச் சரியாகக் கைதட்ட வருமா?" என்று கேட்டு, பதிலை அவர்கள் டி.என்.ஏ.வோடு ஒப்பிட்டார்கள். தொடர்புள்ளவையாக டி.என்.ஏ.வில் 69 இடங்கள் தென்பட்டன. ஒவ்வொன்றின் பங்கும் மிகச் சிறியது. ஆகவே தவில் மரபணு என்று ஒன்று கிடையாது. பல பேரிடமிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வந்து, ஒரு பிள்ளையிடம் தற்செயலாகச் சேரும். கொடுத்தவர்களில் ஒருவர்கூட வாத்தியத்தைத் தொட்டிருக்க வேண்டியதில்லை. நாற்று நடும்போது குலவையை நேரத்துக்கு எடுத்த ஒரு கிழவியாக இருக்கலாம்.

நாக்கைக் குழல்போல் மடிப்பது ஒற்றை மரபணுவால் வருகிறது என்று இன்னமும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பவர்களோடு எனக்குத் தீராத சண்டை. 1940இல் அப்படி எழுதியவர் அமெரிக்க மரபியல் அறிஞர் ஸ்டர்டெவன்ட். ஒரே கருவில் பிறந்த இரட்டையரில் ஒருவர் மடிக்கிறார், மற்றவரால் முடியவில்லை என்று 1952இலேயே தெரிந்துவிட்டது. 1965இல் ஸ்டர்டெவன்டே கைவிட்டார். வகுப்பறைகள் கைவிடவில்லை. வழுக்கையும் இப்படித்தான். தாய்மாமன் தலையைப் பார்த்துச் சொல்லிவிடலாம் என்பதில் கொஞ்சம் உண்மை உண்டு, ஏனென்றால் அதில் முக்கியமான ஒரு மரபணு தாய்வழி வரும் எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. மீதிக்குப் பல மரபணுக்கள் பொறுப்பு, அப்பா வழியிலிருந்தும்.

இனி உங்களைக் கேட்கிறேன். எந்தக் கொள்ளுத்தாத்தா? பையனுக்கு நான்கு பேர் இருக்கிறார்கள், நான்கு கொள்ளுப்பாட்டிகளும் இருக்கிறார்கள். எட்டுப் பேரும் சராசரியாக எட்டில் ஒரு பங்கு கொடுத்தவர்கள். "எங்கள் குடும்பத்தில் யாருக்கும்" என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த "எங்கள்" என்பதில் பையனின் அம்மா வீட்டார் உண்டா? கடிதம் முழுக்கத் தேடினேன், பையனைப் பெற்றவளே இல்லை. பாதிப் பையனைக் கணக்கில் எடுக்காமல் மீதிப் பாதியில் தவில்காரரைத் தேடுகிறீர்கள்.

பெரிய தாளில் 15 கட்டம் போடுங்கள்: பையனுக்கு ஒன்று, பெற்றோருக்கு இரண்டு, அடுத்து நான்கு, அடுத்து எட்டு. நீங்கள் அத்தை மகளையோ மாமன் மகளையோ கட்டியிருந்தால் எட்டுக் கட்டத்தில் ஆறு பேர்தான் வருவார்கள், ஒரு ஜோடி இரண்டு இடத்தில் நிற்கும். அக்காள் மகளைக் கட்டியிருந்தால் உங்கள் அப்பா அம்மாவே பையனுக்குத் தாத்தா பாட்டியாகவும் கொள்ளுத்தாத்தா கொள்ளுப்பாட்டியாகவும் வருவார்கள். தப்பாக எழுதிவிட்டோமோ என்று அடிக்காதீர்கள். இரண்டையும் கோடு போட்டு இணைத்துவிடுங்கள்.

பெண்களின் கட்டங்கள்தான் காலியாக நிற்கும். வயதான பெண்களிடம் போய் நேராகப் பெயரைக் கேட்டால் கிடைக்காது. புருஷன் பெயரையும் மாமனார் பெயரையும் வாயால் சொல்லாத தலைமுறை அது. மாமியாரை "அத்தை" என்று மட்டும் கூப்பிட்டுப் பழகியிருப்பார்கள். "அவங்க எந்த ஊர்லேருந்து வாக்கப்பட்டு வந்தாங்க?" என்று கேளுங்கள். ஊர் உடனே வரும். ஊர் கிடைத்தால் பழைய மொய் நோட்டை எடுங்கள். பரணில் தகரப்பெட்டிக்குள், பிள்ளையார் சுழியும் முனையில் மஞ்சளுமாக, இரண்டு மடிப்பாக நூல் கட்டிக் கிடக்கும் அது. முதல் பக்கங்களில் தாய்மாமன் சீர், அடுத்து அந்த ஊர்க்காரர்கள் வரிசையாக: ஊர், பெயர், தொகை. ஒரே ஊரிலிருந்து பெரிய தொகை நாலைந்து விழுந்திருந்தால் அதுதான் பாட்டி பிறந்த வீடு. குலதெய்வக் கோயிலின் தலைக்கட்டு வரி நோட்டு இதற்கு உதவாது, அதில் ஆண்கள் மட்டும்.

அடுத்தது பத்திரங்கள். கிரயப் பத்திரத்தில் "இன்னார் குமாரர் இன்னார்" என்று ஒரு தலைமுறை கூடுதலாகக் கிடைக்கும். பெண்களுக்குப் பாகப்பிரிவினைப் பத்திரத்தையும் விடுதலைப் பத்திரத்தையும் பாருங்கள். சொத்தில் தன் பங்கை அண்ணன் தம்பிகளுக்கு விட்டுக்கொடுக்கும்போது அவள் பெயர், வயது, கணவர் பெயர், புகுந்த ஊர் எல்லாம் எழுதி, கைநாட்டும் வாங்கியிருப்பார்கள். 25-3-1989க்கு முன் கல்யாணம் ஆகாத மகள்களுக்குப் பூர்வீகச் சொத்தில் சம உரிமை என்று தமிழ்நாட்டில் சட்டம் வந்தது. அதற்குப் பிந்தைய பத்திரங்களில் இதைக் கவனித்துத் தேடலாம். கணினியில் ஏறாத பழையவற்றுக்கு சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப் போட வேண்டும். சர்வே எண் இல்லாமல் போகாதீர்கள்.

சறுக்குகிற இடங்கள் இரண்டு. பேரன் என்பதே பெயரன்தான். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பதால் ஒரே பெயர் ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை வரும். வருஷத்தைப் பார்க்காமல் எழுதினால் தாத்தாவும் பேரனும் ஒரே ஆளாகிவிடுவார்கள். இன்னொன்று மூத்த தாரம், இளைய தாரம். மூத்தவள் பிரசவத்தில் போய், அவள் பிள்ளையை இளையவள் வளர்த்திருந்தால் வீட்டில் எல்லோரும் இளையவளைத்தான் பாட்டி என்பார்கள். பிள்ளை பிறந்த வருஷத்தையும் இரண்டாம் கல்யாணத்தின் மொய் நோட்டுத் தேதியையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

கடைசியாக ஒன்று. அப்பாவின் அப்பாவின் அப்பாவிடமிருந்து, ஆண்வழியில் மட்டும் போகும் ஒய் குரோமோசோம் பையனுக்கு ஏறக்குறைய அப்படியே வந்திருக்கிறது என்று நீங்கள் பெருமைப்படலாம். அதேபோல், செல்லுக்குச் சக்தி தரும் மைட்டோகாண்ட்ரியாவுக்கென்று தனியாக உள்ள, 16,569 எழுத்துள்ள டி.என்.ஏ. அம்மா, அம்மாவின் அம்மா, அவருடைய அம்மா என்று பெண்கள் வழியாக மட்டும் வந்து பையனின் ஒவ்வொரு தசையிலும், தாளம் தட்டுகிற அந்த விரல்களிலும் இருக்கிறது. அந்தக் கொள்ளுப்பாட்டி உங்கள் மனைவிக்கு அம்மாவைப் பெற்ற பாட்டி. அவர் பெயரையும் பிறந்த ஊரையும் மனைவியிடம் கேட்டு அடுத்த கடிதத்தில் எழுதுங்கள். தவில்காரரைப் பற்றி அதற்குப் பிறகு பேசுவோம்.