ஆர்.எக்ஸ். 100 கிராங்க் கேஸை வீட்டிலேயே மூடலாமா?

கேள்வி: யமஹா ஆர்.எக்ஸ். 100 இன்ஜினைப் பிரித்து வைத்திருக்கிறேன். கிராங்க் கேஸின் (கிராங்க் ஷாஃப்ட் சுழலும் அலுமினியக் கூடு) இரு பாதிகளையும் நானே சேர்த்து மூட நினைக்கிறேன். கடையில் “லோக்கல் சீல் போதும், சிலிக்கான் பேஸ்ட்டை நன்றாகத் தடவிவிடுங்கள்” என்கிறார்கள். சரியா?

பதில்: மூடலாம். ஆனால் அந்த இரண்டு யோசனையும் வேண்டாம். டூ ஸ்ட்ரோக்கில் பெட்ரோலும் காற்றும் கிராங்க் கேஸுக்குள் வந்துதான் சிலிண்டருக்கு ஏறுகின்றன. அங்கே சிறு கசிவு இருந்தாலும் வெளிக்காற்று புகுந்து, கலவையில் பெட்ரோல் குறைந்து, சூடேறி பிஸ்டன் பிடித்துவிடும். கிராங்க்கின் இரு முனைகளிலும் கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம்தான் சீல். மேக்னெட் பக்க சீல் போனால் ஆக்ஸிலேட்டரை விட்டாலும் ஐடிலிங் இறங்காது. கிளட்ச் பக்க சீல் போனால் கியர் ஆயிலை இன்ஜின் உறிஞ்சி வெள்ளைப் புகை தள்ளும்.

ஆகவே கிராங்க் சீல் இரண்டும் கம்பெனி பாக்கெட்டில்தான் வாங்க வேண்டும். பாக்கெட்டில் எம்.ஆர்.பி., தயாரிப்பாளர் முகவரி, தயாரித்த மாதம், ஆண்டு இருக்க வேண்டும்; சட்டப்படி கட்டாயம். பல வருடம் அலமாரியில் கிடந்த ரப்பர் இறுகியிருக்கும், அதனால் தேதியைப் பாருங்கள். பேரிங் வாங்கும்போது பழையதில் பொறித்த எண்ணோடு, கடைசியில் ‘சி3’ இருந்தால் அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். சூட்டில் விரிவதற்கான இடைவெளியைக் குறிப்பது அது. அதை விட்டால் பேரிங் இறுகும். சாதாரண சிலிக்கான் பெட்ரோலில் ஊறி உப்பும். ‘பெட்ரோல் தாங்கும்’ என்று டியூபில் எழுதியிருக்கும் பேஸ்ட்டையே கேளுங்கள்.

கிராங்க்கை மட்டும் லேத்தில் கொடுத்துப் பாருங்கள். அது துண்டுகளை அழுத்திச் சேர்த்தது. சுத்தியல் அடி விழுந்தால் கோணிவிடும். சுற்றும்போது ஆட்டம் 0.03 மி.மீ.க்கு மேல் இருக்கக் கூடாது. இதை வீட்டில் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது.

மூடும் முகங்களில் பழைய பேஸ்ட்டை தின்னரில் ஊறவைத்து பிளாஸ்டிக் தகட்டால் சுரண்டுங்கள். ஸ்க்ரூ டிரைவர் விட்டு நெம்பிய கீறல் ஒவ்வொன்றும் கசிவுக்கு வழி. பேரிங்கை ஃப்ரீசரில் வைத்து, கேஸை ஓவனில் 100 டிகிரி அளவுக்குச் சூடாக்கினால் அடிக்காமலே இறங்கும். கியர் ஷாஃப்ட்டுகளின் வாஷர்கள் இடம் மாறவில்லையா, டவல் பின்கள் (இரு பாதிகளையும் நேராகப் பொருத்தும் சிறு ஊசிகள்) இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு, ஒரு பாதியில் மட்டும் மெல்லிய படலமாக பேஸ்ட் தடவுங்கள். அதிகமானது உள்ளே பிதுங்கி ஆயில் வழிகளை அடைக்கும்.

பெரும்பாலான கேஸ்கள் உடைவது அடுத்த கட்டத்தில்தான். இரு பாதிகளும் ரப்பர் சுத்தியலின் லேசான தட்டுகளிலேயே சேர வேண்டும். இடைவெளி மிச்சமிருந்தால் போல்ட்டை இறுக்கி இழுக்காதீர்கள், அலுமினியக் காது முறியும். திறந்து பாருங்கள், வாஷரோ கியரோ சிக்கியிருக்கும். போல்ட்டுகள் வெவ்வேறு நீளம் என்பதால், கழற்றும்போதே அட்டையில் துளையிட்டுக் குத்தி வைத்திருந்தால் நல்லது. 6 மி.மீ. போல்ட்டுக்குச் சுமார் 10 நியூட்டன் மீட்டர். குறுக்கு மறுக்காக இரண்டு மூன்று சுற்றில் ஏற்றுங்கள்.

மூடியதும் கிராங்க்கைக் கையால் சுற்றுங்கள். இறுக்கமாக இருந்தால் முனையில் ரப்பர் சுத்தியலால் ஒரு தட்டு. பக்கவாட்டு அழுத்தம் விலகும். ஃபிரேமில் ஏற்றுவதற்கு முன், சிலிண்டரும் ஹெட்டும் மாட்டியபின், இன்டேக்கையும் சைலன்சர் வாயையும் அடைத்து, ரத்த அழுத்தம் பார்க்கும் கருவியின் பம்பால் 300 மி.மீ. (பாதரச அளவு) வரை காற்றடியுங்கள். சில நிமிடம் முள் நிற்க வேண்டும். இறங்கினால் சோப்புத் தண்ணீர் தடவுங்கள், குமிழி காட்டிக்கொடுக்கும்.

கேள்வி: வாங்கிய சீல் போலி என்று தெரிந்தால் கடைக்காரர் திரும்ப எடுப்பாரா? ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்று பில்லில் இருக்கிறதே?

பதில்: பழுதான பொருளுக்கு அந்த வரி செல்லாது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பில்லில் காலக்கெடு இல்லையென்றால் 30 நாளுக்குள் பழுதான பொருளைத் திரும்பப் பெற மறுப்பதும், பில் தர மறுப்பதும் முறையற்ற வணிகம். ஆனால் மாட்டிக் கழற்றிய சீலை வைத்து வாதாடுவது சிரமம். மாட்டுவதற்கு முன்பே வெர்னியர் அளவுகோலில் அளந்து, பாக்கெட்டோடு படம் எடுத்துக்கொள்ளுங்கள். மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம்.