பட்டுக்கோட்டையார் நாடகம்: பாட்டு ஒருவருடையது, மெட்டு இன்னொருவருடையது

அன்புள்ள ஆசிரியருக்கு,

எங்கள் அமெச்சூர் குழு பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரத்தின் வாழ்க்கையை இசை நாடகமாகப் போடுகிறது. மொத்தம் 18 பேர். 24 பாட்டுகளைத் தேர்ந்தெடுத்து கரோக்கியோடு பாடிப் பார்த்தோம். மூன்றரை மணி நேரம் ஓடுகிறது. கச்சேரி மாதிரி இருக்கிறதே தவிர நாடகம் நகரவில்லை. எவற்றை வெட்டுவது? சினிமாப் பாட்டை மேடையில் பாட அனுமதி வாங்க வேண்டுமா? டிக்கெட் வைக்கும் யோசனையும் இருக்கிறது.

ஆர்.

அன்புள்ள ஆர்.,

அனுமதி விஷயத்தை முதலில் பார்த்துவிடலாம். அது தெளிந்தால் வெட்டும் வேலை பாதி முடிந்த மாதிரி.

ஒரு சினிமாப் பாட்டில் வரி, மெட்டு, ஒலிப்பதிவு என்று மூன்று தனித்தனிச் சொத்துகள் இருக்கின்றன. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, வரிக்கும் மெட்டுக்கும் படைத்தவர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஜனவரியிலிருந்து 60 ஆண்டு உரிமை. பட்டுக்கோட்டையார் மறைந்தது 1959 அக்டோபர் 8, வயது 29. அவருடைய வரிகள் 2019 முடிந்ததுமே பொதுச்சொத்தாகிவிட்டன. மறைவுக்குப் பின் முதன்முதலாக வெளியானவற்றுக்கு வெளியான ஆண்டை வைத்துக் கணக்கு. 'அரசிளங்குமரி', 'திருடாதே' இரண்டும் 1961-ல் வந்த படங்கள், அந்தக் கணக்கும் 2021-ல் தீர்ந்தது.

மெட்டு அப்படியில்லை. 'தூங்காதே தம்பி'க்கு மெட்டமைத்த எஸ். எம். சுப்பையா நாயுடு 1979-ல் காலமானார். அந்த மெட்டுக்கு 2039 முடிய உரிமை உண்டு. 'தாயத்து தாயத்து' விஸ்வநாதன் – ராமமூர்த்தி சேர்ந்து செய்தது. கூட்டுப் படைப்பில் கடைசியாக மறைந்தவரின் ஆண்டுதான் கணக்கு. எம்.எஸ்.வி. 2015-ல் மறைந்தார், ஆக 2075 வரை. 'அரசிளங்குமரி'யில் வரும் 'சின்னப் பயலே'க்கு மெட்டமைத்த ஜி. ராமநாதன் 1963-லேயே போய்விட்டார். அதனால் அந்தப் பாட்டில் வரி, மெட்டு இரண்டுமே இன்று யாருக்கும் கட்டுப்பட்டதில்லை. இதை மனதில் வையுங்கள், கடைசியில் தேவைப்படும்.

கரோக்கி டிராக்கை விட்டுவிடுங்கள். அது வேறொருவர் செய்த புதிய ஒலிப்பதிவு, அதற்குத் தனி உரிமை உண்டு. தவிர, நடிகர் மூச்சு வாங்கினாலும் டிராக் நிற்காது.

டிக்கெட் வேண்டாம் என்பேன். அதே சட்டத்தின் 52-ஆம் பிரிவில், அமெச்சூர் குழு பணம் வாங்காமல் பார்வையாளருக்கு நிகழ்த்துவது மீறல் ஆகாது என்று ஒரு விலக்கு இருக்கிறது. டிக்கெட் வைத்த நிமிடமே அது போய்விடும். வீடியோ எடுத்து இணையத்தில் போடுவதற்கும் அது குடையாகாது. டிக்கெட் வைத்தே தீரவேண்டும் என்றால், உரிமை உள்ள மெட்டு ஒவ்வொன்றுக்கும் எழுத்தில் அனுமதி வாங்கிவிட்டு ஒத்திகையைத் தொடங்குங்கள்.

நான் சொல்லவருவது வேறு. பெரும்பாலான பாட்டுகளுக்கு மெட்டை விட்டுவிட்டு வரியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பழைய மெட்டு தொடங்கியதும் பார்வையாளர் மனதில் எம்.ஜி.ஆர். வந்து நின்றுவிடுவார், டி.எம்.எஸ். குரல் கேட்கும். உங்கள் நடிகர் எவ்வளவு நன்றாகப் பாடினாலும் அந்த இரண்டு பேருக்கு நடுவே எழுதியவர் காணாமல் போவார். நாடகம் நகராததற்குக் காரணம் அதுதான். அவர் வரிகள் எதுகை விழும் இடத்திலேயே தாளம் தட்டுபவை. சிந்து, தெம்மாங்கு, தாலாட்டு என்று எதில் போட்டாலும் உட்காரும். நாற்று முடிச்சுக் கட்டுகிற ஒரு கிழவர் வாத்தியமே இல்லாமல், முடிச்சை இறுக்குகிற இடத்தில் ஒரு அடி நிறுத்தி, எட்டு வரி பாடட்டும். கேட்பவர் அந்தச் சொல்லை முதல்முறையாகக் கேட்பார்.

வெட்டுவதற்கு ஒரே அளவுகோல்தான். பாட்டுக்கு முன் இருந்த நிலைமை பாட்டுக்குப் பின் மாறியிருக்கிறதா? மாறவில்லை என்றால், எவ்வளவு பிடித்த பாட்டானாலும் எடுத்துவிடுங்கள். 'பிறகு இந்தப் படத்துக்கு எழுதினார்' என்று கதைசொல்லி முன்னுரை கொடுக்கிற பாட்டுகள் முதலில் விழும். இரண்டு மணி நேரத்துக்குப் பதினொன்று, பன்னிரண்டு தாங்கும். அவற்றிலும் மூன்றைத்தான் முழுசாகப் பாடலாம், மற்றவை பல்லவியும் ஒரு சரணமும் போதும். இடையிசை வேண்டாம். சினிமாவில் அந்த நேரத்துக்குக் கேமரா எங்காவது போகும். மேடையில் நடிகர் கையைப் பிசைந்துகொண்டு நிற்பார்.

சுருதி விஷயத்தில்தான் அமெச்சூர் குழுக்கள் அதிகம் சறுக்குகின்றன. டி.எம்.எஸ். பாடிய உயரத்தை எட்ட முயன்றால் மூன்றாவது பாட்டில் தொண்டை போய்விடும். ஆதார சுருதியின் உயரத்தைக் 'கட்டை' என்று சொல்வார்கள். பொதுவாக ஆண்களுக்கு 1 முதல் 2 கட்டை, பெண்களுக்கு 4½, 5. இருவரும் சேர்ந்து பாடும் கோரஸை 1 கட்டையில் வையுங்கள். ஆனால் மெட்டு கீழ்ப் பஞ்சமத்துக்கும் (கீழ் 'ப') மேல் ஸட்ஜத்துக்கும் (மேல் 'ஸ') நடுவிலேயே நிற்க வேண்டும். அதைத் தாண்டினால் பெண்கள் கத்துவார்கள். நீங்களே மெட்டமைப்பதால் இது உங்கள் கையில் இருக்கிறது. மொத்த நாடகத்துக்கும் இரண்டே சுருதி வைத்துக்கொள்வது நல்லது. தபேலாவின் வலது மேளம் ஒரு சுருதிக்குச் சேர்த்தது. பாட்டுக்குப் பாட்டு சுருதியை மாற்றினால் தபேலாக்காரர் சுத்தியலும் கையுமாகவே இருப்பார், வசனம் முழுக்க டொக் டொக் என்று கேட்கும்.

காலர் மைக்கை மார்பில் குத்தாதீர்கள். பட்டுக்கோட்டையாராக வருபவர் தோளில் துண்டு போட்டிருந்தால், அது உரசுகிற கரகரப்பு ஸ்பீக்கரில் இரைச்சலாகிவிடும். கன்னத்தோரம் காதுப்பக்கமாக ஒட்டுங்கள். இடைவேளையில் பேட்டரி தீர்ந்ததோ இல்லையோ, புதிது போடுங்கள்.

எம்.ஜி.ஆரை மேடைக்குக் கொண்டுவர வேண்டாம். தொப்பியைப் பார்த்ததும் விசில் பறக்கும், அந்தக் காட்சி உங்கள் கையை விட்டுப் போய்விடும். 'இந்தப் பாட்டு இப்படித்தான் பிறந்தது' என்று உலவும் கதைகளிலும் கவனம் வேண்டும். ஆதாரம் கிடைக்காதவற்றைக் காட்சியாக்காதீர்கள்.

முடிவு ஆஸ்பத்திரிக் கட்டிலில், பின்னால் 'தூங்காதே தம்பி'யோடு என்று எழுதியிருப்பீர்கள் என ஊகிக்கிறேன். இந்த மாதிரி நாடகங்கள் பெரும்பாலும் அங்கேதான் முடிகின்றன. 1959-ல் நிறுத்தாமல் விளக்கை அணைத்து, ஒரு குரல் '1961' என்று மட்டும் சொல்லட்டும். முதல் காட்சியில் சிறுவன் கல்யாணசுந்தரமாக வந்த பையன் காலி மேடைக்கு வந்து 'சின்னப் பயலே'யைத் தொடங்கட்டும், ராமநாதனின் மெட்டிலேயே. இரவல் மெட்டு இந்த ஒன்று போதும்.