கார் கேள்வி-பதில்: டயர்மேல் எழுதியிருக்கும் அளவை நம்பாதீர்கள்

கேள்வி: டயரில் எவ்வளவு காற்று வைப்பது? காற்று பிடிக்கும் இடத்தில் ஒருவர் 30 போதும் என்கிறார், இன்னொருவர் 36 வையுங்கள் மைலேஜ் கிடைக்கும் என்கிறார். டயரின் பக்கவாட்டில் 44 என்று அச்சடித்திருக்கிறது. யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: மூவர் சொல்வதையும் விடுங்கள். ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் கதவுச் சட்டத்தில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும், சில கார்களில் பெட்ரோல் டேங்க் மூடியின் உள்பக்கம் ஒட்டியிருப்பார்கள். முன் டயருக்கு எவ்வளவு, பின் டயருக்கு எவ்வளவு, இரண்டு பேர் போனால் எவ்வளவு, ஆளும் சாமானுமாக நிறைந்திருந்தால் எவ்வளவு என்று அதில் தனித்தனியாகப் போட்டிருக்கும். உங்கள் காருக்கான அளவு அதுதான். அந்த 44 என்பது அந்த டயர் தாங்கக்கூடிய அதிகபட்ச அழுத்தம். அதே டயர் வேறு பல கார்களிலும் ஓடுகிறது, உங்கள் கார் என்ன எடை என்று டயருக்குத் தெரியாது.

இதில் பலர் கோட்டைவிடுவது எப்போது அளப்பது என்பதில். ஸ்டிக்கரில் இருப்பது குளிர்ந்த டயருக்கான அளவு, அதாவது வண்டி குறைந்தது மூன்று மணி நேரம் நின்ற பிறகு. நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டு அளந்தால் நான்கைந்து பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அலகு, நீங்கள் கேட்ட 30, 36 எல்லாம் அதில்தான்) கூடுதலாகக் காட்டும், அதைப் பார்த்து பயந்து காற்றை இறக்கிவிட்டால் மறுநாள் காலையில் டயர் குறைந்த காற்றோடு நிற்கும். காற்று பிடிக்கும் இடம் தூரமாக இருந்தால் சூட்டோடு இரண்டு மூன்று பி.எஸ்.ஐ. சேர்த்தே வைத்துக்கொண்டு வந்துவிடுங்கள், மறுநாள் காலையில் சொந்த கேஜை (காற்றழுத்தம் அளக்கும் கருவி) வைத்து அளந்து கூடுதலை இறக்கிக்கொள்ளலாம். கேஜ் ஒன்று வாங்கி காரிலேயே போட்டு வையுங்கள், அது இல்லாமல் இந்த வேலை நடக்காது. குளிர் வந்தால் அழுத்தம் தானாகவே குறையும், வெப்பநிலை ஐந்தாறு டிகிரி செல்சியஸ் இறங்கினால் ஏறக்குறைய ஒரு பி.எஸ்.ஐ. போய்விடும். மாதம் ஒரு முறை பார்த்தால் போதும்.

அளக்கக் குனிந்த கையோடு டயரின் முகத்தையும் பாருங்கள். பள்ளங்களுக்குள் குறுக்கே சின்னச் சின்ன ரப்பர் மேடுகள் இருக்கும், அவற்றின் உயரம் 1.6 மி.மீ. சுற்றியிருக்கும் ரப்பர் தேய்ந்து அந்த மேடுகளோடு சமமாகிவிட்டால் டயர் முடிந்தது, பேச்சுக்கே இடமில்லை. (மழையில் ஓட்டுபவர்கள் அதுவரை காத்திருக்காமல் 3 மி.மீ.யிலேயே மாற்றுவது நல்லது என்பது என் கட்சி.) நடுவில் மட்டும் தேய்ந்திருந்தால் காற்று அதிகம், இரண்டு ஓரமும் தேய்ந்திருந்தால் காற்று குறைவு, ஒரு ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால் வீல் அலைன்மென்ட், அதாவது சக்கரங்கள் நிற்கும் கோணம், பார்க்க வேண்டும். பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்க எண் இருக்கிறதா பாருங்கள்: 2321 என்றிருந்தால் 2021ஆம் ஆண்டு 23ஆம் வாரத்தில் செய்த டயர். புது டயர் என்று சொல்லி விற்பதை வாங்கும்போது இதைப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

கேள்வி: என்னுடையது டீசல் கார். ஆயில் மாற்றி இரண்டு மாதம்கூட ஆகவில்லை, டிப்ஸ்டிக்கை (ஆயில் அளவு பார்க்கும் கம்பி) எடுத்துப் பார்த்தால் கன்னங்கரேல் என்று இருக்கிறது. சர்வீஸில் மாற்றாமலே பில் போட்டுவிட்டார்களோ?

பதில்: ஆயிலின் நிறத்தை மட்டும் வைத்து அப்படிச் சொல்லிவிட முடியாது. டீசல் எஞ்சினில் எரிந்த கரி ஆயிலில் கலந்துகொண்டே இருக்கும், அந்தக் கரியை ஓரிடத்தில் படியவிடாமல் தன்னுள் சுமந்து வைத்திருப்பதே ஆயிலின் வேலைகளில் ஒன்று, அதனால் புது ஆயில் சில நூறு கிலோமீட்டரிலேயே கறுத்துவிடும். சந்தேகம் தீர வேண்டுமென்றால் அடுத்த முறை ஆயில் மாற்றும்போது பக்கத்தில் நில்லுங்கள், பழைய ஃபில்டரைக் காட்டச் சொல்லுங்கள்.

நிறத்தைவிட முக்கியம் அளவு. வண்டி சமதளத்தில் நிற்க வேண்டும், எஞ்சினை ஓட்டி அணைத்துவிட்டு ஐந்து பத்து நிமிடம் விட்டால் மேலே போன ஆயில் கீழே இறங்கும். டிப்ஸ்டிக்கை உருவித் துணியால் துடைத்து, மறுபடி முழுசாக உள்ளே தள்ளி எடுத்துப் பாருங்கள். முதல் தடவை உருவும்போது கம்பி முழுக்க ஆயில் அப்பியிருக்கும், அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. இரண்டு குறிகளுக்கு நடுவில் இருந்தால் சரி. பல கார்களில் கீழ்க்குறிக்கும் மேல்குறிக்கும் இடையே ஏறக்குறைய ஒரு லிட்டர்தான் வித்தியாசம், அதனால் குறைந்திருந்தால் கால் லிட்டர் கால் லிட்டராக ஊற்றி ஒவ்வொரு தடவையும் பாருங்கள். நிறைய இருந்தால் நல்லதுதானே என்று மேல்குறியைத் தாண்டி ஊற்றுபவர்கள் இருக்கிறார்கள். அப்படி ஊற்றினால் சுழலும் கிராங்க் ஷாஃப்ட் ஆயிலில் இடித்து அதை நுரையாக்கிவிடும், நுரைக்கு உராய்வைத் தடுக்கும் சக்தி கிடையாது.

ஆயில் பால் கலந்த காபி நிறத்தில் இருந்தால் மட்டும் உடனே கவலைப்படுங்கள். உள்ளே தண்ணீரோ கூலன்டோ (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) கலக்கிறது என்று அர்த்தம், எஞ்சினின் மேல்பாகத்துக்கு அடியில் இருக்கும் ஹெட் கேஸ்கட் என்ற அடைப்புத் தகடு போயிருக்கலாம். குளிர்காலத்தில் பக்கத்துத் தெருவரை மட்டுமே ஓட்டுகிற வண்டியில் ஆயில் மூடியின் அடியில் லேசாக இந்த மாதிரிப் படிவது உண்டு, அது வேறு. கம்பியிலேயே அப்படி வந்தால் வண்டியை எடுக்காதீர்கள். அப்புறம், சில புது கார்களில் டிப்ஸ்டிக்கே வைப்பதில்லை, திரையில்தான் அளவு காட்டும். எனக்கு அது பிடிக்காது, ஆனால் என்னைக் கேட்டா செய்கிறார்கள்.

கேள்வி: வளைவில் திரும்பும்போது சிவப்பு நிற ஆயில் விளக்கு ஒரு நொடி எரிந்து அணைந்துவிடுகிறது. நேராக ஓட்டினால் எரிவதில்லை. வார இறுதியில் மெக்கானிக்கிடம் காட்டலாம் என்று இருக்கிறேன்.

பதில்: வார இறுதிவரை தாங்காது. அந்த விளக்கு காட்டுவது ஆயிலின் அழுத்தம். ஆயில் ரொம்பவும் குறைந்து போனால் வளைவில் அது ஒரு பக்கமாக ஒதுங்கும், அப்போது பம்ப் ஆயிலுக்குப் பதில் காற்றை இழுக்கும், விளக்கு எரியும். அந்த ஒரு நொடியில் பேரிங்குகள் உலோகத்தோடு உலோகம் உரசுகின்றன. இன்றே டிப்ஸ்டிக்கைப் பாருங்கள், குறைந்திருந்தால் கையேட்டில் சொல்லியிருக்கும் அதே கிரேடு ஆயிலை ஊற்றுங்கள், எங்கே போனது என்று பிறகு தேடலாம். அளவு சரியாக இருந்தும் விளக்கு எரிந்தால் எஞ்சினை அணைத்துவிட்டு வண்டியைக் கட்டி இழுத்துப் போங்கள்.

பொதுவாக, சிவப்பு என்றால் நிறுத்து, மஞ்சள் என்றால் சீக்கிரம் காட்டு. மஞ்சளிலும் ஒரு விதிவிலக்கு உண்டு: செக் எஞ்சின் விளக்கு விட்டுவிட்டுச் சிமிட்டினால் எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போய்க்கொண்டிருக்கிறது, அது புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைச் சுட்டுக் கெடுத்துவிடும். வேகத்தைக் குறைத்து ஓரம்கட்டுங்கள்.

கேள்வி: என் அப்பா வாரம் ஒரு முறை ரேடியேட்டரில் குழாய்த் தண்ணீர் ஊற்றுவார், அவர் கார் இருபது வருஷம் ஓடியது. கூலன்ட் எல்லாம் வியாபாரம் என்கிறார். உண்மையா?

பதில்: அப்பாவிடம் பணிவாகச் சொல்லுங்கள், நல்ல நிலையில் இருக்கும் காருக்கு வாராவாரம் எதையும் ஊற்ற வேண்டியிருக்காது. ஊற்ற வேண்டி வந்தால் எங்கேயோ ஒழுகுகிறது. குழாய்த் தண்ணீரில் இருக்கும் உப்பு, ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களில் படிந்து அடைக்கும், இன்றைய அலுமினிய எஞ்சின்களை வெறும் தண்ணீர் அரிக்கும். கூலன்ட் கொதிநிலையைக் கொஞ்சம் ஏற்றுகிறது, உறைநிலையை நிறையவே இறக்குகிறது, எல்லாவற்றுக்கும் மேலாக துருப்பிடிக்காமல் காக்கிறது. கலக்காத கூலன்ட் வாங்கினால் டிஸ்டில்டு வாட்டரோடு பெரும்பாலும் சரிபாதி கலக்க வேண்டும். பச்சைக்குப் பச்சை, சிவப்புக்குச் சிவப்பு என்று நிறம் பார்த்து வாங்காதீர்கள், கம்பெனிக்குக் கம்பெனி நிறம் மாறும், கையேட்டில் போட்டிருக்கும் வகையைப் பாருங்கள்.

தினசரி பார்வைக்கு எந்த மூடியையும் திறக்க வேண்டாம். பக்கத்தில் இருக்கும் பிளாஸ்டிக் டப்பாவில் இரண்டு கோடு இருக்கும், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது இடையில் இருந்தால் போதும். சூடான எஞ்சினில் ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. உள்ளே அழுத்தத்தில் 100 டிகிரிக்கு மேல் போயும் கொதிக்காமல் இருக்கிற திரவம், மூடி தளர்ந்த அந்தக் கணத்தில் கொதித்து முகத்தில் அடிக்கும். துணி சுற்றித் திறந்தேன் என்று கை வெந்து வருபவர்கள் இன்றும் உண்டு.

கேள்வி: பிரேக் ஆயில் டப்பாவில் அளவு மெல்ல மெல்ல இறங்குகிறது. எங்கும் ஒழுகவில்லை. ஊற்றி நிரப்பிவிட்டேன். சரிதானே?

பதில்: அவசரப்பட்டுவிட்டீர்கள். பிரேக் பேட் தேயத் தேய அதைத் தள்ளும் பிஸ்டன் வெளியே வரும், அது விட்ட இடத்தை நிரப்ப டப்பாவிலிருந்து ஆயில் கீழே போகும். மெல்ல இறங்கினால் பேட் தேய்கிறது என்று டப்பா உங்களுக்குச் சொல்கிறது, அதை ஊற்றி மூடிவிட்டால் சொல்ல வந்த செய்தி போயிற்று. அப்புறம் புது பேட் போட பிஸ்டனை உள்ளே தள்ளும்போது அந்தக் கூடுதல் ஆயில் வழிந்து கொட்டும், பெயின்டில் பட்டால் உரித்துவிடும். முதலில் பேட் கனத்தைப் பாருங்கள். பல கார்களில் சக்கரக் கம்பிகளுக்கு இடையில் டார்ச் அடித்தாலே வெளிப்பக்க பேட் தெரியும். இரும்புத் தகடு நீங்கலாக 3 மி.மீ. அளவுக்கு வந்துவிட்டால் மாற்றிவிடுங்கள். பிரேக் பிடிக்கும்போது கீச்சென்று மெல்லிசாக ஒரு சத்தம் வந்தால் அது பேட்டில் வைத்திருக்கும் எச்சரிக்கைத் தகடாக இருக்கலாம், கரகரவென்று அரைத்தால் தகடையும் தாண்டி டிஸ்க்கைத் தின்றுகொண்டிருக்கிறது. திடீரென்று அளவு இறங்கினாலோ, பெடல் பஞ்சு மாதிரி அமுங்கினாலோ கதை வேறு, வண்டியை எடுக்காதீர்கள்.

இன்னொன்று, பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்கக் கூடாது, ஈரம் ஏறிய பிறகு அந்த அளவு 155 வரை இறங்கலாம். நீண்ட மலை இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் அந்தச் சூடு வந்துவிடும், ஆயில் கொதித்து ஆவியாகும், ஆவி அமுங்கும், பெடல் தரையைத் தொடும். பல கம்பெனிகள் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்றச் சொல்வது இதனால்தான். பாதி தீர்ந்து அலமாரியில் திறந்து கிடக்கும் பழைய டப்பாவை ஊற்றாதீர்கள்.

கேள்வி: கார் அதிகம் ஓடுவதில்லை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் நின்ற இடத்திலேயே ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து அணைக்கிறேன். பேட்டரி அப்படியும் இறங்கிவிடுகிறது.

பதில்: ஸ்டார்ட் செய்வதற்கு பேட்டரி கொடுத்த மின்சாரம் அந்த ஐந்து நிமிடத்தில் சரியாகத் திரும்புவதில்லை. எஞ்சினும் முழுச் சூடு ஏறாது, உள்ளே ஈரம் தங்கும், சைலன்சர் துருப்பிடிக்கும். சும்மா விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. வாரம் ஒரு முறை இருபது முப்பது நிமிடம் ரோட்டில் ஓட்டுங்கள், டயரும் ஒரே இடத்தில் அமுங்கிக் கிடக்காது, பிரேக் டிஸ்க்கில் துருவும் ஏறாது.

சாதாரண மல்டிமீட்டர் ஒன்று இருந்தால் பேட்டரியை வீட்டிலேயே பார்க்கலாம். சில மணி நேரம் நின்ற வண்டியில் 12.6 வோல்ட் காட்டினால் முழு சார்ஜ், 12.4 என்றால் முக்கால், 12க்குக் கீழே போனால் வடிந்துவிட்டது. எஞ்சின் ஓடும்போது ஏறக்குறைய 13.7 முதல் 14.7க்குள் இருக்க வேண்டும், அதற்குக் கீழே என்றால் பேட்டரியைத் திட்டாதீர்கள், அதைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரைப் பாருங்கள். டெர்மினலில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் சுத்தம் செய்யுங்கள், கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது அது கடைசியில்.

கேள்வி: ஏசி போட்டு ஓட்டி நிறுத்தினால் காருக்கு அடியில் தண்ணீர் சொட்டுகிறது.

பதில்: சொட்டட்டும், காற்றின் ஈரம் குளிர்ந்து வெளியேறுகிறது. நிறமில்லாமல், வாசனையில்லாமல், பிசுபிசுப்பு இல்லாமல் இருக்கும்வரை கவலை இல்லை. ஏசி போட்டும் சொட்டாமல், காலடி விரிப்பு நனைந்தால்தான் வடிகுழாய் அடைத்திருக்கிறது. சந்தேகமாக இருந்தால் ராத்திரி ஒரு வெள்ளை அட்டையை அடியில் போட்டு வையுங்கள், காலையில் எந்த நிறம், எந்த இடம் என்று தெரிந்துவிடும்.

கேள்வி: 10,000 கி.மீ. அல்லது ஒரு வருடம் என்று சர்வீஸ் புத்தகத்தில் இருக்கிறது. நான் வருடத்துக்கு 3,000 கி.மீ.தான் ஓட்டுகிறேன். மூன்று வருடம் கழித்துப் போகலாமா?

பதில்: எது முதலில் வருகிறதோ அது என்று அடுத்த வரியிலேயே போட்டிருப்பார்கள், பாருங்கள். ஓடாத வண்டியிலும் ஆயிலுக்கு வயதாகும், ஈரம் சேரும். குறைந்த தூரம் குறைந்த தூரமாக ஓடுகிற வண்டிக்குக் கையேட்டில் கடினப் பயன்பாடு என்று தனி அட்டவணையே இருக்கும், உங்களுடையது அதில் வரலாம். அதே பக்கத்தில், வால்வுகளை நேரம் தவறாமல் இயக்கும் டைமிங் பெல்ட்டுக்கும் கெடு கொடுத்திருக்கிறார்களா என்று பாருங்கள், அதற்கும் வருடக் கணக்கு உண்டு. அது அறுந்தால் பல எஞ்சின்களில் பிஸ்டன் போய் வால்வில் இடிக்கும், அந்தச் செலவில் எத்தனையோ பெல்ட் வாங்கலாம். உங்கள் எஞ்சினில் இருப்பது செயின் என்றால் இப்படி கெடு வைத்து மாற்றும் வேலை பெரும்பாலும் இல்லை.

கேள்வி: எலெக்ட்ரிக் கார் வாங்கியிருக்கிறேன். இந்தத் தொல்லை ஒன்றும் இல்லைதானே?

பதில்: எஞ்சின் ஆயில் இல்லை, டைமிங் பெல்ட் இல்லை. டயர் உண்டு, வண்டியின் எடையும் மோட்டாரின் இழுவையும் சேர்ந்து அது சீக்கிரமே தேயக்கூடும். பிரேக் ஆயில் உண்டு, ஈரத்தை அதே மாதிரிதான் உறிஞ்சும். மோட்டாரே வேகத்தைக் குறைத்துவிடுவதால் பிரேக் அதிகம் வேலை செய்யாது, அதனால் டிஸ்க்கில் துரு ஏறும், அவ்வப்போது பெடலை நன்றாக மிதித்துப் பிடியுங்கள். பெரும்பாலானவற்றில் பேட்டரிக்கான கூலன்ட், ஏசிக்கான கேபின் ஃபில்டர், வைப்பர் எல்லாம் உண்டு. பழையபடி 12 வோல்ட் பேட்டரி ஒன்றும் ஒரு மூலையில் இருக்கும், பெரிய பேட்டரியில் 80 சதவீதம் சார்ஜ் இருந்தாலும் இந்தச் சின்னது வடிந்துவிட்டால் வண்டி உயிர் பெறாது, சில மாடல்களில் கதவே திறக்காது. சாவியால் திறக்கும் துவாரம் எங்கே ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்று இன்றே கையேட்டில் பார்த்து வையுங்கள்.