இயற்கை டிசைனில் லேஸ் காலுறை பின்ன எதில் தொடங்கலாம்?

சாதா காலுறை பின்னத் தெரியும், லேஸ், அதாவது ஓட்டைகளால் டிசைன் வரும் பின்னல், புதிது என்கிறீர்கள். ஸ்காட்லாந்தின் ஷெட்லாந்து தீவுகளின் 'ஓல்ட் ஷேல்' டிசைனை எடுங்கள். அலை வடிந்த மணலில் நிற்கும் வளைகோடுகள் மாதிரியே இருக்கும். நான்கு சுற்றில் ஒரே ஒரு சுற்றில்தான் லேஸ் வேலை. இலை, பூ டிசைன்களை அடுத்த ஜோடிக்கு வைத்துக்கொள்ளலாம்.

75% கம்பளி, 25% நைலான் கலந்த காலுறை நூல் 100 கிராம், 2.5 மி.மீ. ஊசி போதும். பருத்தி வேண்டாம், இழுபட்டால் திரும்பச் சுருங்காது, கணுக்காலில் தொளதொளத்துவிடும். பல வண்ணப் புள்ளி நூலில் ஓட்டைகள் கண்ணுக்கே தெரியாது. ஒற்றை நிறமே நல்லது.

72 கண்ணி (ஊசியில் நிற்கும் நூல் வளையம்) ஏற்றுங்கள். ஏற்றும்போதே இறுக்கிவிட்டால் குதிகாலைத் தாண்டாது, அதனால் இரண்டு ஊசிகளைச் சேர்த்துப் பிடித்து ஏற்றுங்கள். இரண்டு நிட் (நேர்ப்பின்னல்), இரண்டு பர்ல் (மறுபக்கப் பின்னல்) என 15 சுற்று ரிப், அதாவது இழுபடும் மேல்விளிம்பு. பிறகு டிசைன், 12 கண்ணிக்கு ஒரு அலை:

1, 2ஆம் சுற்று: முழுக்க நிட்.
3ஆம் சுற்று: இரண்டிரண்டாகச் சேர்த்து நிட், 2 முறை; யார்ன் ஓவர் (நூலை ஊசியின் மேல் ஒருமுறை சுற்றுவது, இதுவே ஓட்டையும் புதுக் கண்ணியும் ஆகும்) போட்டு ஒரு நிட், 4 முறை; மறுபடி இரண்டிரண்டாகச் சேர்த்து நிட், 2 முறை.
4ஆம் சுற்று: முழுக்க பர்ல்.

ஒவ்வொரு அலையிலும் நான்கு குறைகிறது, நான்கு கூடுகிறது. 3ஆம் சுற்று முடிந்ததும் 12 இல்லையென்றால் யார்ன் ஓவர் ஒன்று நழுவியிருக்கிறது. பெரும்பாலும் இது ஊசி மாறும் இடத்தில்தான் நடக்கும். நான்கு ஊசியில் 18, 18 ஆகப் பிரித்தால் அலை நடுவில் வெட்டுப்படும், அடுத்த ஊசி யார்ன் ஓவரில் தொடங்கும், அது உருண்டு விழுந்துவிடும். மூன்று ஊசியில் 24 வீதம் வையுங்கள். ஒவ்வொன்றிலும் இரண்டு முழு அலை.

கால் பகுதி 14 செ.மீ. வந்ததும் 36 கண்ணியில் குதிகால். பாதத்தின் மேல்பக்கம் மீதி 36, அதாவது சரியாக மூன்று அலை. உள்ளங்காலில் மட்டும் லேஸ் போடாதீர்கள். பர்ல் வரிகள் உறுத்தும், ஓட்டைகள் சீக்கிரம் தேயும். அங்கே வெறும் நிட்தான்.

குதிகாலைத் திருப்பி முடித்ததும் 20 கண்ணி மீந்திருக்க, அதன் பக்கத்தில் 18, 18 எடுத்தால் மேல்பக்கத்து 36உடன் மொத்தம் 92 வரும். ஒன்று விட்டு ஒரு சுற்றில் இரண்டிரண்டு குறைத்தால் பத்து முறையில் 72க்குத் திரும்பிவிடும். விரல் பக்கம் நீங்கள் வழக்கமாகச் செய்வதுதான்.

ஷெட்லாந்து சால்வைகளில் போல் நிறம் மாற்றிக் கோடு போட ஆசையென்றால் பர்ல் சுற்றை அடுத்து வரும் நிட் சுற்றில் மாற்றுங்கள். பர்ல் சுற்றிலேயே மாற்றினால் பழைய நிறம் புள்ளி புள்ளியாக எட்டிப் பார்க்கும்.