கூரை ஷீட்: 0.35ஆ, 0.50ஆ?

கேள்வி: நெல் மூட்டை வைக்க 30க்கு 50 அடியில் இரும்பு ஷெட் போடுகிறேன். ஃபிட்டர் 0.35 மி.மீ. ஷீட்டே போதும் என்கிறார், மச்சான் 0.50 போடச் சொல்கிறார். எது சரி?
– வாசகர், வேதாரண்யம் பக்கம்

பதில்: நான் உங்கள் மச்சான் கட்சி. 2018 நவம்பரில் கஜா புயல் வந்து போனதை உங்கள் ஊர்க்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் பில்லில் 0.50 என்று இருந்தால் மட்டும் போதாது, அது பூச்சும் பெயிண்டும் சேர்ந்த மொத்தக் கனமா, வெறும் இரும்பின் கனமா என்று கடையில் கேளுங்கள். மொத்தம் என்றால் உள்ளே இரும்பு 0.45 பக்கம்தான் இருக்கும், சரி, உங்களுக்கு அது போதும். 0.35 வாங்கினால் ஸ்க்ரூ போட ஏறுகிற ஆள் கால் வைத்த இடமே குழிந்துவிடும். அப்புறம், காற்று பெரும்பாலும் ஸ்க்ரூ போட்ட இடத்தில்தான் ஷீட்டைப் பிய்க்கும், அதனால் ஓரத்திலும் முகட்டிலும் பர்லினை (ஷீட்டைத் தாங்கும் குறுக்குச் சட்டம்) நெருக்கிப் போட்டு ஸ்க்ரூவையும் கூட்டுங்கள். உப்புக்காற்றைத் தாங்குவது பூச்சின் வேலை: சதுர மீட்டருக்கு 150 கிராம் அலுமினியம்-துத்தநாகப் பூச்சு உள்ளதாகக் கேளுங்கள். ஷெட் ஓரமாக மாடு கட்டும் யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள், கோமியத்தின் அமோனியா அந்தப் பூச்சை அரிக்கும்.